வேற இன்ஜின் தேடுறதுக்கு முன்னாடி ஹெட்ட கழட்டிப் பாருங்க தம்பி

கேள்வி:

அண்ணே, என்கிட்ட 2012 மாடல் ஸ்விஃப்ட் டீசல் இருக்கு, 2019-ல செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது, இப்ப 1,87,000 கிமீ ஓடியிருக்கு. போன மாசம் நத்தம் ரோட்டுல வரும்போது ரேடியேட்டர் ஹோஸ் கிழிஞ்சு தண்ணி பூரா போயிடுச்சு, டெம்பரேச்சர் லைட்டு எரிஞ்சப்புறமும் பக்கத்துல கடை எதுவும் இல்லாததால கொஞ்ச தூரம் ஓட்டிட்டேன். ஹோஸ் மாத்தியாச்சு, ஆனா அதுல இருந்து ரெண்டு நாளைக்கு ஒருதடவ கூலண்ட் ஊத்த வேண்டியிருக்கு, காலைல ஸ்டார்ட் பண்ணா வெள்ளைப் புகை. ஆயிலும் குடிக்குது, 1,500 கிமீக்கு ஒரு லிட்டர் போல, அது ஹீட் ஆகுறதுக்கு முன்னாடியே கொஞ்சம் இருந்துச்சு. ஊர்ல ஒரு மெக்கானிக் ஃபுல் இன்ஜின் வேலை 85,000, இருபது நாள் ஆகும்ங்கிறார். இன்னொருத்தர் பழைய இன்ஜின் ஒண்ணு வாங்கி மாட்டி 65,000-க்கு மூணு நாள்ல குடுத்துடுறேன், மூணு மாசம் வாரண்டிங்கிறார். கம்பெனி சர்வீஸ்ல 1,70,000 எஸ்டிமேட் போட்டாங்க. என் கைல 70,000 இருக்கு, அதுக்கு மேலனா நகைய வெக்கணும். வீட்ல ஸ்டாஃப் நர்ஸ், நைட் ஷிஃப்ட்டுக்கு பஸ் கிடையாது, அதனால வண்டி இல்லாம ரொம்ப நாள் சமாளிக்க முடியாது. இப்ப இருக்குற நிலைமைல 90,000-க்கு கேக்குறாங்க, நல்லா ஓடுற கண்டிஷன்ல இருந்தா 2,30,000 போகுமாம். இன்ஜின் வேலை பாக்குறதா, வேற இன்ஜின் போடுறதா?

பதில்:

தம்பி, மொத வேலையா வண்டிய இன்னைக்கே நிறுத்துங்க. எது பண்ணலாம்னு முடிவு எடுக்குறவரைக்கும் ஓட்டிட்டு இருப்போம்னு நினைக்காதீங்க, ஏன்னா இப்ப உங்க வண்டில இருக்குற கோளாறு 30, 40 ஆயிரத்துல முடியுற கோளாறா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு, அதையே இன்னும் ரெண்டு வாரம் ஓட்டுனா கூலண்ட் ஆயில்ல கலந்து, இன்ஜின் அடில சுத்துற கிராங்க்கோட பேரிங்க தின்னுடும், அப்புறம் நீங்க கேட்ட கேள்விக்கு அர்த்தமே இல்லாம போயிடும், வேற இன்ஜின்தான் ஒரே வழின்னு ஆயிடும். ராத்திரி நிக்கும்போது சிலிண்டருக்குள்ள தண்ணி இறங்கி காலைல செல்ஃப் அடிச்சா கனெக்டிங் ராடே வளையுற ஆபத்தும் இருக்கு, தண்ணிய அமுக்க முடியாதில்லையா. வீட்ல அவங்க நைட் ஷிஃப்ட்டுக்கு இந்த வண்டிய நம்பித்தான் போறாங்கன்னு எழுதியிருக்கீங்க, நடு ராத்திரி ஆள் இல்லாத ரோட்டுல வண்டி நிக்கிறத விட பத்து நாள் ஆட்டோவுக்கோ தெரிஞ்சவங்க வண்டிக்கோ காசு குடுக்குறது எவ்வளவோ தேவலாம்.

இப்ப விஷயத்துக்கு வரேன். மூணு பேர் மூணு ரேட் சொல்லியிருக்காங்க, ஆனா உங்க லெட்டர் முழுக்க படிச்சும் ஒருத்தராவது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள்ள அழுத்தம் எவ்வளவு வருதுன்னு, பாத்தாங்கன்னு ஒரு வரி இல்ல, என்ன கெட்டிருக்குன்னு யாருமே அளக்கல. 85,000-மும் யூகம், 65,000-மும் யூகம். கையில 70,000 மட்டும் வெச்சிருக்குற ஆளுக்கு யூகத்துல செலவு பண்ற வசதி கிடையாது, அந்த வசதி காசு நெறைய இருக்குறவங்களுக்குத்தான். அதனால ரீபில்டா மாத்துறதாங்கிற கேள்விய ஒரு வாரம் தள்ளி வெச்சிட்டு, அந்த இன்ஜினுக்குள்ள எது போயிருக்கு, எது நல்லா இருக்குன்னு மொதல்ல கண்டுபிடிங்க.

நீங்க எழுதுனத வெச்சு நான் பாக்குறது என்னன்னா, உங்க வண்டில ரெண்டு தனித்தனி கோளாறு இருக்கு, ரெண்டையும் ஒண்ணா சேத்து "இன்ஜின் போச்சு"ன்னு சொல்லிட்டாங்க. கூலண்ட் குறையுறதும் வெள்ளைப் புகையும் ஹீட் ஆனதுக்கு அப்புறம் வந்தது, அது பெரும்பாலும் ஹெட் பேக்கிங் (இன்ஜினோட மேல் பாகமான ஹெட்டுக்கும் கீழ இருக்குற பிளாக்குக்கும் நடுவுல வர்ற கேஸ்கட்), இல்லன்னா ஹெட் வளைஞ்சிருக்கணும், ரொம்ப மோசமா போனா ஹெட்ல கிராக். ஆயில் குடிக்கிறது அதுக்கு முன்னாடியே இருந்தது, அதுக்கு பிஸ்டன சுத்தி இருக்குற ரிங்ஸ் தேய்ஞ்சது காரணமா இருக்கலாம், வால்வு சீல் காஞ்சு போனது காரணமா இருக்கலாம், இன்ஜினுக்குள்ள காத்த அமுக்கித் தள்ளுற டர்போவாவும் இருக்கலாம். இதுல ரிங்ஸ் ஒண்ணுக்குத்தான் இன்ஜின கீழ வரைக்கும் பிரிக்கணும். வால்வு சீல் எப்படியும் ஹெட்ட கழட்டும்போது மாத்திடலாம், டர்போ வெளியவே தொங்குற சாமான்.

டர்போவ பத்தி கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன், ஏன்னா டர்போ சீல் போனதுக்கு இன்ஜின பிரிச்சு ரிங்ஸ் போட்டு, அப்புறமும் புகை நிக்காம வந்து நின்ன வண்டிங்கள நான் பாத்திருக்கேன், மனசு கஷ்டமா இருக்கும். இன்டர்கூலருக்கு, அதாவது டர்போ அனுப்புற காத்த ஆற வெக்கிற சாமானுக்கு, போற பெரிய ரப்பர் ஹோஸ கழட்டி பாக்கச் சொல்லுங்க. உள்ள லேசா எண்ணெய்ப் பூச்சு மாதிரி இருந்தா அது சாதாரணம், எல்லா டர்போ டீசல்லயும் இருக்கும். ஆனா ஹோஸ சாய்ச்சா ஆயில் ஒழுகுற அளவுக்கு தேங்கி நின்னா டர்போ சீல், இல்ல இன்ஜினுக்குள்ள சேர்ற காத்து வெளியேறுற பிரீதர் பக்கத்து கோளாறு. டர்போ ஷாஃப்ட்ட விரலால பிடிச்சு ஆட்டிப் பாத்தா ஆட்டம் எவ்வளவு இருக்குன்னு தெரியும், பிளேடு உள் சுவர்ல உரசுன தடம் இருந்தா சந்தேகமே வேண்டாம். இதுக்கு கால் மணி நேரம்தான் ஆகும்.

அடுத்தது இன்ஜின பிரிக்காமலே பண்ற மத்த சோதனைங்க. ஒரு நல்ல டீசல் மெக்கானிக்கிட்ட அரை நாள் வேலை, ஊருக்கு ஊர் கூலி மாறும், ஆனா சில ஆயிரத்துக்குள்ள முடிஞ்சிடும். ஸ்டார்ட் பண்றப்ப சூடு குடுக்குற குளோ பிளக்கோட ஓட்டை வழியா கேஜ் மாட்டி நாலு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் எடுக்கச் சொல்லுங்க, பேட்டரி நல்லா சார்ஜ்ல இருக்கணும், இல்லன்னா நாலுமே கம்மியா காட்டும். இந்த இன்ஜினுக்கு எவ்வளவு வரணும்னு சர்வீஸ் மேனுவல்ல இருக்கும், அதோட ஒப்பிடணும், ஆனா அதை விட முக்கியம் நாலுக்கும் நடுவுல உள்ள வித்தியாசம். நாலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வந்தா ஆறுதல். பக்கத்து பக்கத்துல இருக்குற ரெண்டு சிலிண்டர் மட்டும் கம்மியா இருந்தா அந்த ரெண்டுக்கும் நடுவுல பேக்கிங் எரிஞ்சிருக்கு. ஒண்ணே ஒண்ணு மட்டும் ரொம்ப கம்மின்னா வால்வா ரிங்கான்னு கண்டுபிடிக்கணும்.

அத கண்டுபிடிக்கத்தான் லீக் டெஸ்ட் இருக்கு. பிஸ்டன டாப்ல நிறுத்தி, வால்வு எல்லாம் மூடியிருக்குற நேரத்துல, அதே குளோ பிளக் ஓட்டை வழியா கம்ப்ரஸர் காத்த விடணும், விட்டுட்டு காத கூர்மையா வெச்சு கேக்கணும். ஆயில் ஊத்துற மூடிய திறந்தா புஸ்ஸுனு சத்தம் வந்தா காத்து ரிங்ஸ தாண்டி கீழ போகுது. சைலன்சர்ல சத்தம் வந்தா எக்ஸாஸ்ட் வால்வு. ஏர் ஃபில்டர் பக்கம் வந்தா இன்டேக் வால்வு. ரேடியேட்டர் பக்கம் கூலண்ட்ல குமிழி குமிழியா வந்தா ஹெட் பேக்கிங், இல்ல ஹெட் கிராக். இந்த ஒரு டெஸ்ட்டு சொல்ற அளவுக்கு தெளிவா வேற எதுவும் சொல்லாது, செலவும் கெடையாது, கம்ப்ரஸர் இல்லாத பட்டறை இல்ல. பெட்ரோல் வண்டில பண்ற மாதிரி சிலிண்டருக்குள்ள ஆயில ஊத்தி கம்ப்ரஷன் பாக்குறத மட்டும் டீசல்ல வேண்டாம்னு சொல்லிடுங்க, பிஸ்டனுக்கு மேல இடமே கம்மி, அளவு ஏமாத்தும், கூட ஊத்திட்டா வேற ஆபத்து.

கூட ரெண்டு சின்ன விஷயம். ஆயில் மூடிக்கு அடியில காபி கலர்ல நுரை மாதிரி ஒட்டியிருக்கா பாருங்க, கூலண்ட் டேங்குல எண்ணெய் மிதக்குதா பாருங்க. கூலண்ட்ல ஆயில் மட்டும் கலந்திருந்தா ஆயில் கூலர்லயும் சந்தேகப்படணும், அதுக்கு ஹெட்ட தொட வேண்டியதே இல்லாமலும் போகலாம். வெள்ளைப் புகை டீசல் வாடையா அடிச்சா இன்ஜெக்டரோ குளோ பிளக்கோ காரணம், கூலண்ட்டோட ஒரு இனிப்பான வாடை அடிச்சா தண்ணி உள்ள போகுது. இன்ஜின் சூடா இருக்கும்போது எக்காரணம் கொண்டும் கூலண்ட் மூடிய திறக்காதீங்க, முகத்துல அடிச்சா கொப்பளிச்சுடும். லீக்க அடைக்கிறேன்னு மஞ்சத்தூளு, பவுடரு, பசைன்னு எதையும் ஊத்தாதீங்க, அது ரேடியேட்டரோட மெல்லிசு குழாய அடைச்சு திரும்ப ஹீட் ஆக வெக்கும்.

இதெல்லாம் முடிச்சு ஹெட் பேக்கிங்தான்னு தெரிஞ்சா, மெக்கானிக்கிட்ட ஹெட்ட மட்டும் கழட்ட ஒத்துக்குங்க. ஃபுல் வேலைக்கு தலையாட்டிடாதீங்க. "அண்ணே, ஹெட்ட தூக்குங்க, நான் நேர்ல வந்து பாக்குறேன், அதுக்கப்புறம் பேசுவோம்"னு சொல்லுங்க, நல்ல மெக்கானிக் இதுக்கு கோவிச்சுக்க மாட்டார்.

ஹெட்ட தூக்குனதும் நீங்களே டார்ச் அடிச்சு சிலிண்டர் சுவர பாருங்க. கம்பெனில போட்ட குறுக்குக் கோடு, எக்ஸ் எக்ஸ்ஸா மெல்லிசா கீறுன மாதிரி இருக்கும், அது இன்னும் தெரிஞ்சா போர், அதாவது சிலிண்டர் துளை, நல்லாருக்குன்னு அர்த்தம். சுவர் கண்ணாடி மாதிரி வழவழன்னு இருந்தா தேய்மானம் இருக்கு. மேல ஓரத்துல நகத்த வெச்சு தடவுனா தட்டுற மாதிரி ஒரு விளிம்பு இருந்தா இன்னும் தேய்ஞ்சிருக்கு. மேலருந்து கீழ வரைக்கும் நேரா ஆழமா கோடு விழுந்திருந்தா அது ஹீட்ல பிஸ்டன் உரசுனது, போர் பண்ணாம, அதாவது துளைய கடைஞ்சு பெருசாக்காம, விட முடியாது. கண்ணால பாக்குறது ஒரு அளவுக்குத்தான், போர் கேஜ் வெச்சு மேல, நடுவுல, கீழன்னு மூணு இடத்துல, ரெண்டு திசைல அளந்து ஒரு பேப்பர்ல எழுதி வாங்குங்க. கழட்டுன ஹெட்ட லேத்துக்கு அனுப்பி வளைவு எவ்வளவுன்னு பாத்து, தண்ணி போற வழிய அடைச்சு பிரஷர் டெஸ்ட் பண்ணி கிராக் இல்லன்னு உறுதி பண்ணணும். இந்த இன்ஜின்ல பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம், அதனால ஹீட் ஆனா பெரும்பாலும் மொதல்ல அடி வாங்குறது ஹெட்தான், பிளாக் தப்பிச்சிருக்கும், உங்களுக்கு நான் நம்பிக்கையா சொல்றதுக்கு காரணமே அதுதான்.

போர் நல்லாருந்து ஹெட் லேசா மட்டும் வளைஞ்சிருந்தா, ஹெட் ஃபேசிங் (ஹெட்டோட அடிப்பக்கத்த சீவி சமமாக்குறது), வால்வு சீட் வேலை, வால்வு சீல், புது ஹெட் பேக்கிங், புது ஹெட் போல்ட், டைமிங் செயின் கிட், ஆயில், கூலண்ட், அவ்வளவுதான். உங்க பக்கத்து கூலில இது 30,000-ல இருந்து 40,000-க்குள்ள அடங்கணும், பார்ட்ஸ் வந்துட்டா ஒரு வாரத்துல வண்டி ரோட்டுக்கு வந்துடும். ஹெட் போல்ட்ல யாரும் சிக்கனம் பிடிக்காதீங்க, அது ஒருதடவ இறுக்குனா இழுத்து நீளுற மாதிரி செஞ்ச போல்ட், பழசையே திரும்ப போட்டா பிடிமானம் குறைஞ்சு மறுபடி பேக்கிங் போகும். ஃபேசிங்கும் தேவையான அளவுக்கு மட்டும், டீசல்ல பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவுல இடைவெளி ரொம்ப கம்மி, அதிகமா சீவிட்டா வால்வு போய் முட்டும்.

போர் அளவு லிமிட்டுக்குள்ள இருக்கு ஆனா ரிங்ஸ் தளந்திருக்குன்னா, அடில ஆயில் நிக்கிற சம்ப்ப இறக்கி பிஸ்டன வெளிய எடுத்து, சிலிண்டர் சுவத்துல குறுக்குக் கோடு விழுற மாதிரி லேசா ஹோனிங் போட்டு, ஸ்டாண்டர்ட் ரிங்ஸ், பிக் எண்ட் பேரிங் மாத்துறது, இத ஹாஃப் வொர்க்னு சொல்வாங்க. 50, 55 ஆயிரத்துல முடிக்கலாம். என் கணிப்பு உங்க வண்டி இந்த ரெண்டுல ஒண்ணுலதான் போய் நிக்கும்.

போர் லிமிட்ட தாண்டிடுச்சுன்னாதான் அந்த 85,000 ரூபா ஃபுல் வேலை. அப்படி ஆனா ஓவர்சைஸ் பிஸ்டன் செட் மார்க்கெட்ல கிடைக்குதான்னு மொதல்ல விசாரிச்சு, அது கைக்கு வந்ததுக்கு அப்புறம்தான் லேத்துக்காரர் போர் பண்ணணும், பிஸ்டன அளந்து அதுக்கேத்த மாதிரி போர் பண்றதுதான் முறை. போர் பண்ணிட்டு பிஸ்டன தேடிப் போறவங்க இருக்காங்க, அங்கதான் இருபது நாள் நாப்பது நாளா ஆகுறது. கிராங்க்க மைக்ரோமீட்டர் வெச்சு அளந்து தேவைன்னா மட்டும் கிரைண்டிங். பிளாக்ல ஆயில் போற துளையெல்லாம் நல்லா கழுவி காத்தடிச்சு சுத்தம் பண்ணியே ஆகணும், ஹோனிங் பண்ண பொடி ஒரு துளி உள்ள இருந்தாலும் புது பேரிங் போயிடும். பார்ட்ஸுக்கு பெரிய கம்பெனி பொருளா பாத்து பில்லோட வாங்குங்க. பிஸ்டன், ரிங்ஸ், பேரிங்னு இந்த சாமானெல்லாம் நம்ம சென்னைலயும் கோயம்புத்தூர்லயும் பல வருஷமா செய்றாங்க, டூப்ளிகேட் பாக்கெட்டுக்கும் இதுக்கும் வித்தியாசம் ரெண்டு மூணாயிரம்தான் இருக்கும், அத மிச்சம் பிடிச்சு ஒரு இன்ஜின இழக்கக் கூடாது.

அந்த 85,000-க்குள்ள என்னென்ன அடங்குதுன்னு எழுதி வாங்குனீங்களா? இல்லன்னா வாங்குங்க. லேத் வேலை சேத்தா, செயின் கிட் சேத்தா, இன்ஜெக்டர் செக்கிங், கிளட்ச், வாட்டர் பம்ப், ஆயில் பம்ப் இதெல்லாம் உண்டா இல்லையா. பாதி வேலைல, இன்ஜின் துண்டு துண்டா தரைல கெடக்கும்போது, "தம்பி கிளட்ச்சும் போயிருக்கு, இன்ஜெக்டரும் ரெண்டு போச்சு"ன்னு ஃபோன் வந்தா நீங்க வேண்டாம்னு சொல்ல முடியாது, 85 அப்ப 1,10,000 ஆகும். நகைய வெக்கிற நெலமை அங்கதான் வரும். மெக்கானிக்க குத்தம் சொல்லல, பிரிச்சாதான் தெரியும்னு அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, அதனாலதான் படிப்படியா பிரிக்கச் சொல்றேன், ஒவ்வொரு படிலயும் நிறுத்துற உரிமை உங்க கைல இருக்கணும்.

சரி, 65,000-க்கு பழைய இன்ஜின். மூணே நாள்ல முடியும்ங்கிறது உங்க நிலைமைக்கு எவ்வளவு ஆசையா இருக்கும்னு புரியுது. பிளாக் உடைஞ்சு போச்சு, ராடு வெளிய வந்துடுச்சு, கிராங்க் முறிஞ்சு போச்சுன்னா நானே அதைத்தான் சொல்லுவேன், அந்த இடத்துல பழைய இன்ஜின் நல்ல வழிதான். இந்த 1.3 டீசல் ஃபியட்டோட வடிவமைப்பு, ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகான்னு மாருதில நிறைய வண்டில வந்தது, டாட்டா விஸ்டா, ஃபியட் புன்டோலயும் இருந்தது, அதனால பழைய இன்ஜினுக்கு பஞ்சம் இல்ல. 2020 ஏப்ரல்ல பிஎஸ் 6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தப்ப மாருதி டீசலையே நிறுத்திட்டாங்க, அதனால இப்ப கிடைக்குற இன்ஜின் எதுவா இருந்தாலும் கொறஞ்சது ஆறேழு வருஷமாவது பழசு, பல இன்ஜின் உங்களோடத விட பழசு. உங்க இன்ஜின்ல என்ன கோளாறுன்னு ஒரு வாரத்துல உங்களுக்கு தெரிஞ்சிடும், வர்ற இன்ஜின்ல என்ன கோளாறுன்னு மாட்டி ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுனாத்தான் தெரியும்.

டெல்லி வண்டி இன்ஜின், கம்மியா ஓடுனதுன்னு சொல்லி விப்பாங்க. அதுல ஓரளவு உண்மையும் இருக்கு, 10 வருஷம் தாண்டுன டீசல் வண்டி டெல்லி பக்கம் ஓடக்கூடாதுன்னு பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல சொன்னத உச்ச நீதிமன்றமும் 2018-ல உறுதி பண்ணுச்சு, அதனால நல்லா ஓடிட்டு இருந்த வண்டிங்களும் உடைப்புக்கு போச்சு. ஆனா இந்த இன்ஜின் அந்த மாதிரி வண்டில இருந்து வந்ததுதான்னு காட்ட பேப்பர் என்ன இருக்குன்னு கேளுங்க. 2015, 2023 சென்னை வெள்ளம், 2018 கேரளா வெள்ளம், இதுல மூழ்கி இன்சூரன்ஸ்ல கழிச்ச வண்டிங்களும் உடைப்புக்குத்தான் போச்சு, தண்ணி குடிச்ச இன்ஜின் வெளிய துடைச்சு வெச்சா பளபளன்னுதான் இருக்கும்.

அப்படியும் பழைய இன்ஜின்தான்னு ஆயிட்டா, மாட்டுறதுக்கு முன்னாடி தரைல வெச்சே அதே கம்ப்ரஷன் டெஸ்ட்ட பண்ணிக் காட்டச் சொல்லுங்க. ஆயில் ஃபில்டர வெட்டிப் பிரிச்சு மடிப்புக்குள்ள மினுமினுன்னு இரும்புத் தூள் இருக்கான்னு பாருங்க. மேல் கவர திறந்து உள்ள தார் மாதிரி கரி அப்பியிருக்கான்னு பாருங்க, நேரத்துக்கு ஆயில் மாத்தாத வண்டி அங்க காட்டிக் குடுத்துடும், இந்த இன்ஜின்ல செயின் டென்ஷனர் ஆயில் பிரஷர்லதான் வேலை செய்யுது, ஆயில் கெட்டா செயின் தளரும், செயின் தாவுனா வால்வ அமுக்குற ராக்கர் ஒடையும். வெளிய இருக்கும்போதே செயின் கிட், பின்னாடி கிராங்க் சீல், வாட்டர் பம்ப், கிளட்ச் தேய்மானம் எல்லாத்தையும் முடிச்சிடணும், அதுக்கே 65-க்கு மேல 15, 20 ஆயிரம் கூடும், அது யாரும் சொல்ல மாட்டாங்க. வாரண்டி மூணு மாசம்ங்கிறது இன்ஜினுக்கு மட்டுமா, கழட்டி மாட்டுற கூலிக்கும் சேத்தான்னு எழுத்துல வாங்குங்க. அதே 1.3 தானேன்னு டாட்டா இன்ஜினயோ 90 குதிரைசக்தி எர்டிகா இன்ஜினயோ தலைல கட்டப் பாத்தா ஒத்துக்காதீங்க, டர்போ, சென்சார், பிராக்கெட்டுன்னு ஒத்துவராம அலைய வேண்டியிருக்கும்.

அப்புறம் ஆர்சி. இத நிறைய பேர் கண்டுக்கறதே இல்ல, எனக்கு இதுலதான் ரொம்ப பயம். இன்ஜின் நம்பர் உங்க ஆர்சில இருக்கு, இன்ஜின மாத்துனா 14 நாளுக்குள்ள ஆர்டிஓ ஆஃபீஸ்ல தெரிவிக்கணும்னு மோட்டார் வாகனச் சட்டம் சொல்லுது, அதுக்கு வாங்குன பில்லு வேணும், அந்த இன்ஜின் எந்த வண்டிதுங்கிற ஆதாரம் வேணும், பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டிய நேர்ல பாப்பார். பேப்பர் இல்லாத இன்ஜின் திருட்டு வண்டியோடதா இருந்தா விசாரணைக்கு உங்களத்தான் கூப்பிடுவாங்க, வித்தவர் கடைய மாத்திட்டு போயிருப்பார். நம்பர் ஒத்துப் போகலன்னா இன்சூரன்ஸ் கிளெய்ம்லயும் சிக்கல் வரும், விக்கும்போதும் மாட்டும். உங்க வண்டி 2012, அப்படின்னா 2027-ல 15 வருஷம் முடியுது, ஆர்சி ரினியூவலுக்கு வண்டிய கொண்டு போய் நிறுத்தும்போது சேஸ் நம்பர், இன்ஜின் நம்பர் ரெண்டையும் பாப்பாங்க. சொந்த இன்ஜின்ல வேலை பாத்தா இந்தத் தலைவலி எதுவுமே இல்ல. பில்லு, பேப்பர் இல்லாம குடுத்தா இன்ஜின் 20,000-க்கு வந்தாலும் வேண்டாம் தம்பி.

அந்த ரினியூவலயும் கணக்குல சேத்துக்குங்க. கார் ஆர்சி புதுப்பிக்க 5,000 ரூபா ஃபீஸ், பசுமை வரி தனி, புதுப்பிச்சா அஞ்சு வருஷம் ஓட்டலாம். வண்டி அடில துரு எப்படி இருக்கு, சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், ஏசி எப்படி, இதெல்லாம் நல்லாருந்தா இன்ஜினுக்கு செலவு பண்ணலாம். அடி பாடி ஓட்டையா இருந்தா ஹெட் வேலைக்கு மேல ஒரு ரூபா போடாதீங்க.

90,000-க்கு வித்துட்டா என்னன்னு யோசிச்சிருப்பீங்க. 90-ம் உங்க 70-ம் சேத்து 1,60,000. அந்த காசுக்கு இன்னைக்கு கிடைக்குற வண்டி கிட்டத்தட்ட இதே வயசு வண்டிதான், அதோட இன்ஜின் எந்த கண்டிஷன்ல இருக்குன்னு மறுபடி யூகம்தான். ஹாஃப் வொர்க்கே 55,000 ஆனாலும் உங்க கைல 2,30,000 பெறுமான வண்டி இருக்கும், நீங்க ஏழு வருஷமா ஓட்டி உங்களுக்கு எல்லாம் தெரிஞ்ச வண்டி. கம்பெனியோட 1,70,000-ஐ இந்த வண்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன், வேலை சுத்தமா இருக்கலாம், ஆனா வண்டியோட விலைல முக்கால்வாசிய இன்ஜினுக்கு மட்டும் போடுறது நியாயமா படல.

எந்த வழில போனாலும் ஒரு விஷயத்த விட்டுடாதீங்க. உங்க இன்ஜின இந்த நிலைமைக்கு கொண்டு வந்தது கூலிங் லைன், அது இன்னும் வண்டிலயேதான் இருக்கு. ஒரு ஹோஸ் கிழிஞ்சிருக்குன்னா மத்த ஹோஸும் அதே வயசுதான், எல்லாத்தையும் மாத்துங்க. ரேடியேட்டர் அடைப்பு, ஃபேன் சரியான நேரத்துல ஓடுதா, கூலண்ட் மூடி பிரஷர் பிடிக்குதா, எல்லாம் பாக்கணும். தெர்மோஸ்டாட் புதுசு போடுங்க, நம்ம ஊர் வெயிலுக்கு வேண்டாம்னு சில பேர் அத கழட்டி வீசிடுவாங்க, அப்படி பண்ணா இன்ஜின் வேலை செய்ய வேண்டிய சூட்டுக்கு சரியா வராது, மைலேஜ் குறையும், தேய்மானம் கூடும். பச்சைத் தண்ணி ஊத்தாம கூலண்ட்ட சரியான கலவைல ஊத்துங்க. இது எல்லாத்துக்கும் 8,000, 10,000 ஒதுக்கி வெச்சிடுங்க, 70,000-ல இருந்து மொதல்ல இத கழிச்சிட்டு மீதிய கணக்கு பண்ணுங்க.

ரிங்ஸ் மாத்துற அளவுக்கு வேலை நடந்தா, வண்டி கைக்கு வந்ததும் மொத ஆயிரம் கிலோமீட்டர் கவனமா ஓட்டணும். நிறுத்தி வெச்சு ஐட்லிங்ல உறும விடாதீங்க, மிதமான லோடுல வேகத்த மாத்தி மாத்தி ஓட்டுனாத்தான் ரிங்ஸ் சுவத்தோட படியும். ஆயிரத்துல ஆயிலும் ஃபில்டரும் மாத்திடுங்க. இந்த இன்ஜினுக்கு மொத்த ஆயிலே மூணு லிட்டர் சொச்சம்தான், அதனால டிப் ஸ்டிக்க வாரம் ஒருதடவ பாக்குற பழக்கம் உங்க வீட்ல அவங்களுக்கும் இருக்கட்டும், காலைல வண்டி ஆறியிருக்கும்போது சமதளத்துல நிறுத்தி பாக்கணும்.

உங்க மெக்கானிக் லீக் டெஸ்ட் பண்ணத் தெரியாதவர்னா டீசல் பம்ப், இன்ஜெக்டர் வேலை பாக்குற கடைங்க திண்டுக்கல்லயோ மதுரைலயோ இருக்கும், அங்க கேட்டுப் பாருங்க, வண்டிய ஓட்டிட்டு போகாம டோ பண்ணி கொண்டு போங்க. நாலு சிலிண்டர் கம்ப்ரஷன் நம்பரு, லீக் டெஸ்ட்ல சத்தம் எங்க வந்துச்சு, இன்டர்கூலர் ஹோஸ்ல ஆயில் எவ்வளவு, இந்த மூணையும் எழுதி அனுப்புங்க, ஹெட்ட தூக்குனா சிலிண்டர் சுவத்தையும் ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க, பாத்துட்டு ரிங்ஸ் வரைக்கும் போகலாமா, ஹெட்டோட நிறுத்தலாமான்னு சொல்றேன்.